மாநாட்டுக்குப் போகும் மாணவருக்கு ஆப்சென்ட் போடாதீர்கள்

நான் படித்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் டீன் அவர்களுக்கும் கல்விக்குழு உறுப்பினர்களுக்கும்,

நீங்கள் அண்மையில் வெளியிட்ட சுற்றறிக்கையை, இப்போது அங்கே படிக்கும் மாணவி ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார். இளங்கலை மாணவர்கள் மாநாடுகளுக்குப் போனால் இனி ஆன் டூட்டி கிடையாது, போன நாட்களுக்கு ஆப்சென்ட்தான். பதிவுக் கட்டணத்துக்குக் கல்லூரி தந்துவந்த உதவி நிறுத்தப்படுகிறது. இன்டர்ன்ஷிப்பில் இருப்பவர்கள் போனால் அத்தனை நாளையும் கடைசியில் சேர்த்துச் செய்து முடிக்க வேண்டும். இவ்வளவுக்கும் காரணமாக ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: இளங்கலைப் படிப்புக்கு மாநாடுகள் அவசியமில்லை, முதுகலைக்கு வந்தபின் கலந்துகொள்ளலாம்.

அந்த வரிக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். பொதுவில் எழுதக் காரணம், இதே எண்ணம் வேறு கல்லூரிகளிலும் இருக்கிறது.

என்னோடு படித்தவர்களில் பெரும்பாலானோர் முதுகலைக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. ஐந்தரை ஆண்டு முடித்து, கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போனவர்கள் நாங்கள். சிலர் பால் ஒன்றியத்துக்கு, சிலர் கோழிப்பண்ணைக்கு, என்னைப் போன்றவர்கள் கிராமத்துக் கால்நடை மருந்தகத்துக்கு. முதுகலை மாணவருக்குப் பக்கத்து அறையில் பேராசிரியர் இருக்கிறார், எதிரில் ஆய்வகம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது. மருந்தகத்தில் ஒரே ஒரு மருத்துவர்தான். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. வெளியுலகில் என்ன புதிதாக நடக்கிறது என்பதை அதிகம் தெரிந்துகொண்டு போக வேண்டியவர் யார் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். முதுகலைக்கு வந்தபின் பார்க்கலாம் என்று சொல்வது, எங்களில் பெரும்பாலானோருக்கு எப்போதுமே வேண்டாம் என்று சொல்வதாகத்தான் முடிகிறது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் ஒடிசாவில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்திருப்பது தெரியவந்தது. இந்தியாவில் அதற்கு முன் அது பதிவானதில்லை. அப்போது நான் இன்டர்ன்ஷிப்பில் இருந்தேன். எங்கள் பாடநூலில் அது ஆப்பிரிக்காவின் நோய், அதற்கு ஒதுக்கியிருந்தது சில வரிகள்தான். அடுத்த சில மாதங்களில் வெளிமாநிலத்தில் ஒரு மாநாடு நடந்தது. என் பேராசிரியர் ஒருவர் சொல்லி, கல்லூரி பதிவுக் கட்டணம் கட்டி, நானும் தோழிகளும் போனோம். அங்கே பேசியவர்களில் அந்த நோயை நேரில் பார்த்துவிட்டு வந்த கள மருத்துவர் ஒருவர் இருந்தார். தன் கைபேசியில் எடுத்த படங்களைத்தான் திரையில் போட்டார். கழுத்திலும் தொடையிலும் மடியிலும் உருண்டை உருண்டையாகக் கழலை. வீங்கிய முன்னங்கால். வடிகிற கண். பொருக்கு உதிர்ந்த இடத்தில் தோலையே குடைந்தெடுத்ததுபோல் பள்ளம். ஒவ்வாமையில் எழும் தடிப்பு வந்த வேகத்தில் மறைந்துவிடும், இது தோலின் முழுத் தடிமனிலும் இறங்கி நிற்கும், விரலால் அழுத்திப் பார்த்தாலே தெரியும் என்றார். மாதிரிக்குப் பொருக்கை எடுத்து அனுப்பச் சொன்னார். கடிக்கும் ஈயும் கொசுவும்தான் பரப்புகின்றன, கொட்டகையில் முதலில் அதைப் பாருங்கள் என்றார். இந்த வைரசும் ஆட்டம்மை வைரசும் ஒரே குடும்பம், அதனால் ஆட்டம்மைத் தடுப்பூசி மாட்டுக்கும் கைகொடுக்கும் என்பதையும் நான் முதலில் கேட்டது அந்த அரங்கில்தான்.

2020 மழைக்காலத்தில் அது எங்கள் பக்கம் வந்தது. "மாட்டுக்கு அம்மை போட்டிருக்குங்க டாக்டர்" என்று ஒரு விவசாயி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஊரில் அதற்குள் வேறு மாடுகளுக்கு ஒவ்வாமை என்று நினைத்து யார் யாரோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தார்கள். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து அது, வைரஸ் நோயில் அதைப் போட்டால் என்னாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டச் சொல்லி, பொருக்கு எடுத்து அனுப்பி, மேலிடத்துக்குத் தகவல் சொல்லி, பக்கத்து ஊர்களுக்குத் தடுப்பூசி கேட்டேன். என்னைவிடக் கெட்டிக்காரர்கள் அந்த வட்டாரத்தில் இருந்தார்கள். நான் அந்தப் படங்களை முன்பே பார்த்திருந்தேன், அவர்கள் பார்த்திருக்கவில்லை. வேறு வித்தியாசம் எதுவும் கிடையாது. 2022இல் இதே நோய் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பரவியபோது, நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்ததாக அரசுக் கணக்கே சொன்னது. ஒரு பால் மாடு என்றால் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அச்சில் வரும்வரை காத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பிணம் தின்னும் பாறு கழுகுகளின் கதை நம் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெற்காசியாவில் அவை ஏன் கூட்டம் கூட்டமாகச் செத்தன என்று பல ஆண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. வலிக்காக மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக், இறந்த மாட்டின் இறைச்சி வழியாகப் போய்க் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று லிண்ட்சே ஓக்ஸ் குழு கண்டுபிடித்தது. ஓக்ஸ் ஒரு கால்நடை மருத்துவர். அந்தக் கண்டுபிடிப்பு முதலில் வெளியானது 2003 மே மாதம் புடாபெஸ்டில் நடந்த ஒரு மாநாட்டில். நேச்சர் அறிவியல் இதழில் கட்டுரை வந்தது 2004இல். கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் உற்பத்தியை இந்தியா தடை செய்தது 2006இல். பாடநூலில் ஏற இன்னும் சில ஆண்டுகள். புடாபெஸ்ட் அரங்கில் இருந்தவர் ஊருக்குத் திரும்பிய வாரமே மருந்துச் சீட்டை மாற்றியிருக்க முடியும். அச்சுக்கும் ஆணைக்கும் காத்திருந்தவர் நல்லெண்ணத்தோடே அந்த ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தார். நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளைக் காப்பாற்ற இன்று எவ்வளவு பேர் பாடுபடுகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் காட்டை ஒட்டிய ஊரில் வேலைக்குச் சேரப்போவது இளங்கலை முடித்த ஒருவராகத்தான் இருக்கும்.

நம் தொழிலின் வரலாறே இப்படித்தான் இருக்கிறது. 1863இல் எடின்பரோவிலிருந்து ஜான் கேம்ஜி என்ற கால்நடை மருத்துவர் அழைப்பு அனுப்பி, ஹாம்பர்க்கில் கால்நடை மருத்துவர்கள் கூடியது, மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) போன்ற கொள்ளைநோய்களைப் பற்றிப் பேசத்தான். உலகக் கால்நடை மருத்துவ மாநாடுகளில் அதுவே முதலாவது. இரண்டே ஆண்டில், 1865இல், கப்பலில் இறக்குமதியான மாடுகளோடு வெக்கை இங்கிலாந்தில் இறங்கியது. அது 2011இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டது, ஒவ்வொரு நாட்டிலும் கண்டதை இன்னொரு நாட்டுக்காரர்கள் உடனுக்குடன் கேட்டுக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில் 1987இல் ஆடுகளுக்கு வந்ததும் பார்வைக்கு வெக்கை போலத்தான் இருந்தது. அது வேறு, ஆட்டுக்கொல்லி நோய், இந்தியாவில் முதல் முறை என்று அடையாளம் காண்பதற்கு, பிற நாடுகளில் அப்படி ஒன்று இருப்பதை அறிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

சரி, புதிய நோய்களை விடுங்கள். அன்றாட வேலைக்கு வருகிறேன்.

எருமைக்குக் கருப்பை முறுக்கிக்கொள்வது எங்களுக்கு வழக்கமாக வரும் அவசர அழைப்பு. முறுக்கல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகப் படுக்க வைத்து, பக்கவயிற்றின் மேல் பலகையைச் சாய்த்து, அதில் ஆள் ஏறி நிற்க, கட்டிய கால்களைக் கயிற்றால் இழுத்து மெதுவாகப் புரட்ட வேண்டும். நூலில் இதற்குப் படம் இருக்கிறது. பலகையில் நிற்பவர் எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும், புரட்டும் வேகம் அதிகமாகிவிட்டது என்பது எப்படித் தெரியும் என்பதெல்லாம் படத்தில் இல்லை. நான் போன மாநாட்டில் எருமைகள் நிறைந்த வடமாநிலம் ஒன்றிலிருந்து வந்த ஆசிரியர் இதைப் பற்றிப் பேசினார். மதியச் சாப்பாட்டு வரிசையில் அவருக்குப் பின்னால் நின்று தயங்கித் தயங்கி என் சந்தேகத்தைக் கேட்டேன். அவர் வரிசையை விட்டு வெளியே வந்து, சாப்பாட்டுத் தட்டை எருமையின் வயிறாகவும் தன் முழங்கையைப் பலகையாகவும் வைத்துக் காட்டினார். அப்புறம் தன் கைபேசி எண்ணைத் தந்து, முதல் கேஸ் வரும்போது கூப்பிடு என்றார். வேலைக்குச் சேர்ந்து முதல் முறுக்கல் வந்த இரவு கூப்பிட்டேன். எடுத்தார். பலகையில் நின்ற எருமைக்காரரின் மகனை ஒரு அடி பின்னால் நகர்த்தச் சொன்னார். கன்று உயிரோடு வந்தது, தாயும் பிழைத்தது.

மருத்துவம், அறுவை, இனப்பெருக்கம் என்று நம் ஒவ்வொரு துறைக்கும் அகில இந்தியச் சங்கம் இருக்கிறது, ஆண்டுதோறும் கூடுகிறார்கள். அந்தக் கூட்டங்களில் மேடைப் பேச்சு பாதிதான். மீதி, சாப்பாட்டு வரிசையிலும் தேநீர் மேசையிலும் ரயிலிலும் நடக்கிறது. இணையத்தில் பேச்சைக் கேட்டுவிடலாம் என்று உங்கள் தரப்பில் ஒருவர் சொன்னதாக அறிந்தேன். பேச்சைக் கேட்கலாம், உண்மைதான். தட்டைத் திருப்பிக் காட்டுகிற ஆளை இணையத்தில் எங்கே தேடுவது? நள்ளிரவில் கூப்பிட்டால் எடுக்கும் அளவுக்கு ஒரு பழக்கம் கேமராவை அணைத்து வைத்த கூட்டத்தில் உண்டாகிவிடுமா?

பெண்களுக்கு இதில் இன்னொன்றும் இருக்கிறது. நான் படித்த காலத்தில், பெரிய மாடு உனக்கு எதற்கு, நாய் பூனை பார், இல்லையென்றால் ஆய்வகத்துக்குப் போ என்று அக்கறையோடு சொன்னவர்கள் வீட்டிலும் இருந்தார்கள், வகுப்பிலும் இருந்தார்கள். கிராமத்தில் மாடு அறுவை செய்யும் பெண்களை அதுவரை நான் பார்த்ததே இல்லை. அந்த மாநாட்டில் பார்த்தேன். வயிற்றைத் திறந்து கன்றை எடுத்த கேஸ்களைப் பற்றி நடுத்தர வயது அம்மா ஒருவர் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் பேசினார். கை நீளம் போதவில்லை என்றால் என்ன செய்வது, உதவிக்கு நிற்கும் ஆண்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால் என்ன செய்வது என்றெல்லாம் அவரிடம் வெளிப்படையாகக் கேட்க முடிந்தது. நான் இந்த வேலையைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர் பேசிய அந்தக் கொஞ்ச நேரமும் ஒரு காரணம். உங்கள் வகுப்பறைகளில் இன்று எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அந்தச் சுற்றறிக்கையை மறுபடி படியுங்கள்.

மாணவர் தாமே பார்த்த ஒரு கேஸை மாநாட்டில் விளக்கப் போஸ்டராக வைப்பதிலும் பெரிய பயன் இருக்கிறது. வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்பவருக்கு விடை தெரியும். போஸ்டர் முன்னால் நிற்கும் முன்பின் தெரியாத மருத்துவருக்கு விடை தெரியாது, தெரியாததால்தான் கேட்கிறார். காய்ச்சல் எத்தனை டிகிரி, எந்த நாளில் மருந்தை மாற்றினீர்கள், இரத்தப் பூச்சு எப்போது எடுத்தீர்கள், அந்த மாடு இப்போது எப்படி இருக்கிறது என்று அவர் வரிசையாகக் கேட்கும்போது, கேஸ் ஏட்டில் எதையெல்லாம் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது தானாகப் புரிகிறது. எங்கள் மருந்தகத்துக்கு வரும் இன்டர்ன்களில் மாநாட்டில் ஒரு முறையாவது போஸ்டர் வைத்தவரை, அவர் பதிவேடு எழுதும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

உங்கள் கவலைகளிலும் நியாயம் இருக்கிறது. மாநாடு என்ற பெயரில் ஊர் சுற்றிவிட்டு வரும் மாணவர்கள் உண்டு. பணம் கட்டினால் சான்றிதழ் தரும் கூட்டங்களும் உண்டு, அவற்றை யாரும் ஆதரிக்க வேண்டியதில்லை. 75 விழுக்காடு வருகை வேண்டும் என்ற விதியையும் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதைத் தடுக்க வழி பாருங்கள். எந்த மாநாடு தகுதியானது என்று துறைத்தலைவர்களுக்குத் தெரியாதா? திரும்பி வந்தவரை வகுப்பில் அரைமணி நேரம் பேச வைத்தால், அவர் அரங்கில் இருந்தாரா கடற்கரையில் இருந்தாரா என்பது தெரிந்துவிடாதா?

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 முதல், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு நம் மாநிலத்தில் கால்நடை மருத்துவப் படிப்பிலும் 7.5 விழுக்காடு இடம் இருக்கிறது. சொந்த வீட்டில் மாடு கட்டி வளர்த்த பிள்ளைகள் அதில் வருகிறார்கள். கல்லூரி உதவி நின்றால் முதலில் நின்றுபோவது அவர்கள்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஆப்சென்டையும் சமாளித்து, சொந்தச் செலவில் விமானத்திலேயே போய்வருவார்கள். பெரிய மருத்துவர்களை நேரில் பார்ப்பதும் பெயர் சொல்லி அறிமுகமாவதும் அவர்களுக்கு மட்டுமே ஆகும். அரசுக் கல்லூரி ஒன்று இதற்கு வழிசெய்யக் கூடாது.

இன்னொரு வருத்தமும் உண்டு. நம் கல்லூரியிலேயே தேசிய மாநாடு நடந்தபோது இளங்கலை மாணவர்களாகிய நாங்கள் எங்கே இருந்தோம்? பதிவு மேசையில், விருந்தினரை வரவேற்கும் வாசலில், சாப்பாட்டு டோக்கன் கிழிக்கும் இடத்தில். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பூங்கொத்து நீட்டினோம். உள்ளே கோமாரித் தடுப்பூசியைப் பற்றி நாட்டின் முக்கியமான ஆய்வாளர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார், கதவுக்கு வெளியே நின்று கைதட்டலை மட்டும் கேட்டோம். ரயில் ஏறாமலே, ஒரு ரூபாய்ச் செலவில்லாமல் கிடைத்திருக்க வேண்டியது அது. இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது என்று உங்கள் மாணவர்கள் சொல்கிறார்கள்.

என் கோரிக்கைகள் இவை.

அந்தச் சுற்றறிக்கையை அடுத்த கல்விக்குழுக் கூட்டத்துக்கு முன் திரும்பப் பெறுங்கள். துறை ஒப்புதல் பெற்ற மாநாடுகளுக்கு, மூன்றாம் ஆண்டு முதல் ஒவ்வொரு இளங்கலை மாணவருக்கும் ஆண்டுக்கு ஐந்து நாள் ஆன் டூட்டி கொடுங்கள். அந்த நாட்களில் செய்முறை வகுப்பு தவறினால் அதை ஈடுசெய்து தாருங்கள். இன்டர்ன்கள் மாநாட்டில் இருக்கும் நாட்களைப் பயிற்சி நாட்களாகவே எண்ணுங்கள், அவர்கள் கற்றுக்கொள்ளத்தானே போகிறார்கள்.

பதிவுக் கட்டண உதவியை மீண்டும் தொடங்குங்கள். நிதி குறைவு என்றால் ஆளைக் குறையுங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்து, அவர்களுக்கு ரயில் கட்டணத்தையும் சேர்த்துத் தாருங்கள். முன்னாள் மாணவர்களிடம் கேளுங்கள், நானும் என் வகுப்புத் தோழர்களும் ஆண்டுதோறும் எங்களால் ஆனதைத் தருவதாகப் பேசி வைத்திருக்கிறோம். அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும், யாருக்குப் போனது என்பது அறிவிப்புப் பலகையில் வர வேண்டும்.

போய்வந்த மாணவர் இரண்டு வாரத்துக்குள் தம் வகுப்புக்கும் ஜூனியர்களுக்கும் பேச வேண்டும் என்று விதி வையுங்கள். பேசாதவருக்கு அடுத்த முறை அனுமதி வேண்டாம்.

கல்லூரியில் நடக்கும் ஒவ்வொரு மாநாட்டிலும் இளங்கலை மாணவர்களுக்கு அரங்கத்துக்குள் இருக்கை ஒதுக்குங்கள், அதற்குக் கட்டணம் வாங்காதீர்கள். பூங்கொத்துக்கும் டோக்கனுக்கும் வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு அமர்வையாவது கள மருத்துவர்களுக்கு விடுங்கள், எங்கள் கேஸ்களோடு வருகிறோம்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். கல்விக்குழுவில் நேரில் வந்து பேச அனுமதித்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி,
கிராமத்துக் கால்நடை மருந்தகம் ஒன்றின் உதவி மருத்துவர்